சாலம்மாள் வெட்டச் சொன்ன தகடுகள்

பாட்டில் நிரப்பும் அறையில் மூடி திருகிக்கொண்டிருக்கும்போதும் சாலம்மாளின் காது சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அங்கே ஓடுவது இரண்டாயிரம் லிட்டர் எவர்சில்வர் தொட்டி. உள்ளே சுழலும் துடுப்பின் உறுமலை வைத்தே காற்று ஒழுங்காகப் போகிறதா, நுரை ஏறிவிட்டதா என்று அவளால் சொல்லிவிட முடியும். இப்போது யாரும் அவளைக் கேட்பதில்லை. தொட்டிக்கு வெளியே மாட்டியிருக்கும் சின்னத் திரையே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது.

நல்லம்பள்ளியைச் சுற்றியுள்ள விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உயிர் உரக் கூடம் அது. சூடோமோனாஸ் என்ற நல்ல நுண்ணுயிரை வளர்த்துப் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பார்கள். மஞ்சள் கிழங்கு அழுகாமலிருக்க, தக்காளி வாடாமலிருக்க அதைத் தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுவார்கள். நன்றாக விளைந்தால் இளம்பச்சையாக மின்னும். அதனால் ஊரில் அதற்குப் ‘பச்சத் தண்ணி’ என்று பெயர்.

சாலம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. மூட்டுவலி வந்து, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு முன் பத்து வருஷம் அந்தத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியது அவள் ஒருத்திதான்.

தொட்டி வருவதற்கு முந்தைய காலம் அவளுக்கு இன்னும் கையில் இருக்கிறது என்றே சொல்லலாம். ஆட்டும் எந்திரத்தில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்து வளர்ப்பார்கள். வளர்ந்ததை நிலக்கரித் தூளோடு பிசைந்து பையில் போடுவார்கள். சாலம்மாளும் ராணியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து பிசைவார்கள். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போது நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். ஓசூரிலிருந்து லாரியில் தொட்டி வந்த அன்று கூடத்தின் கதவு பத்தவில்லை. முன்சுவரை இடித்துத்தான் உள்ளே தள்ளினார்கள். “வூட்டுக்கு மருமவ வர்றப்பகூட யாரும் செவுத்த இடிக்கல” என்றாள் ராணியம்மாள். லாரிக்காரர்கூடச் சிரித்தார்.

தொட்டியின் தலையில் மனிதர் இறங்க ஒரு வட்டத் துளை. அதில் நுழையும் உடம்பு அந்தக் கூடத்தில் சாலம்மாளுக்கு மட்டும்தான் இருந்தது. முதலில் விசிறி வைத்து அரை மணி நேரம் உள்ளே காற்று அடிப்பார்கள். பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவாள். கயிற்றின் மறுமுனை மேலே ராணியம்மாள் கையில் இருக்கும்.

“என்னாடி, உசுரோட இருக்கியா?”

“இருக்கன். நீ கயித்த வுட்டுட்டு டீ குடிக்கப் போயிடாத.”

“டீ வந்தா போவன். கயித்தக் கட்டி வெச்சிட்டுப் போவன்.”

உள்ளே பேசினால் குரல் ரேடியோ மாதிரி திரும்பி வரும். ராணியம்மாள் மேலிருந்து ஊர்க்கதை சொல்லுவாள், சாலம்மாள் உள்ளிருந்து தேய்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். அந்தக் கதைகளில் பாதி பொய் என்று அவளுக்குத் தெரியும். ராணியம்மாள் இப்போது ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போனில் அதே கதைகளைச் சொல்கிறாள். தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பும் அந்த ருசி மட்டும் இல்லை.

தொட்டியின் உள்சுவரில் நான்கு தகடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அரைச் சாணுக்குச் சற்று அதிகமான அகலம். நான்கு திசைக்கு ஒன்றாகச் சுவரோடு ஒட்டிப் பற்றவைத்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. தொட்டி விழாமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று சாலம்மாள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அவை பெரிய தொந்தரவு. தகடும் சுவரும் சேரும் இடுக்கில் பிரஷ் போகாது, விரலும் போகாது. நகத்தால் சுரண்டினால் வழவழவென்று ஏதோ வரும்.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மூன்று முறை தொட்டி புளித்துப்போனது. வேறேதோ கிருமி நுழைந்து நல்ல நுண்ணுயிரைத் தின்றுவிட்டது. கதவைத் திறந்தால் ஊறுகாய் கெட்ட நாற்றம். மூன்று முறையும் இரண்டாயிரம் லிட்டரையும் சுண்ணாம்புக் குழியில் கொட்டினார்கள். அடுத்த வருஷமும் அப்படியே விட்டுவிட்டு நடந்தது. அப்போதைய மேலாளர் திருமால் மாற்றாத குழாய் இல்லை, கழற்றாத வால்வு இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று தொட்டிக்கு ஓய்வு. கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். முதல் நாள் உள்ளே இறங்கிய சாலம்மாள் இரண்டு மணி நேரம் கழித்து ஏறி வந்தாள். திருமாலிடம் போய் நின்றாள்.

“சார், இந்த வருசம் நான் சந்தனம் வெக்க மாட்டன்.”

“ஏம்மா?”

“உள்ள அந்த நாலு தகட்டுக்குப் பின்னால அழுக்கு ஒளிஞ்சிக்கினு கெடக்குது. அத வெச்சிக்கினு வெளிய பொட்டு வெச்சா சாமி ஒத்துக்குமா? வெட்டி எடுத்துருங்க சார். அப்புறம் புளிச்சா என்ன வேலய வுட்டு அனுப்புங்க.”

திருமாலுக்கும் வேறு வழி தெரியவில்லை. தொட்டியைச் செய்தவர்களுக்குப் போன் போட்டார். பூஜை விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. பட்டறைக்காரர் குப்புராஜ் அன்று மாலையே வந்தார். தொட்டியின் தலைத்தட்டைத் தூக்கிவைத்துவிட்டு நான்கு தகடுகளையும் அறுத்தெடுத்து, வடுவைத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். மறுநாள் சாலம்மாள் கைநிறையச் சந்தனம் எடுத்துத் தொட்டிக்குப் பூசினாள்.

அதன் பிறகு ஒரு தடவைகூடத் தொட்டி புளிக்கவில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘தொட்டியைக் காப்பாற்றிய சாலம்மாள்’ என்று திருமால் மைக்கில் சொன்னார். பத்தாவதுகூடப் படிக்காத ஒருத்தி கண்டுபிடித்ததை எஞ்சினியர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று கூட்டம் கைதட்டியது. சந்தைக்குப் போனால், “நீங்கதான் அந்தத் தொட்டியம்மாவா?” என்று கேட்டார்கள். அவளுடைய வாழ்க்கையில் அவளைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

புளிப்பு நின்ற மகிழ்ச்சியில் இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. பச்சத் தண்ணி வெளுத்துக்கொண்டு வந்தது. முன்பு நன்றாக விளைந்த தடவைகளில் ஒரு சொட்டில் இருந்த நுண்ணுயிரில் இப்போது கால்வாசிதான் இருந்தது. அதே மாதத்தில்தான் தீனியாகப் போடும் மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகை வேறு ஆலையிலிருந்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். பழி மொலாசஸ்மேல் விழுந்தது. அப்புறம் தண்ணீர்மேல், அப்புறம் வெயில்மேல். திருமால் மாற்றலாகிப் போய், மாதவராஜ் மேலாளராக வந்தார். வரும்போதே கணக்கான ஆள். தொட்டி சரியில்லை, இதை விற்றுவிட்டு வெளியிலிருந்து கெட்டிச் சரக்கு வாங்கி, கலக்கி, பாட்டிலில் அடைத்தால் போதும் என்றார். அவர் வந்த மூன்றாம் வருஷம், விவசாயிகளின் கூட்டமைப்பு இதைப் பற்றி முடிவெடுக்க மூன்று மாதம் இருந்தது.

அந்த மூன்று மாதத்தில்தான் நிர்மலா வந்தார்.

அரூர்க்காரர். சேலத்தில் ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். தொட்டிக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு ஒரு நிஜத் தொட்டி வேண்டும் என்று தேடி இங்கே வந்து சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வருவார். முதுகில் ஒரு பை, கையில் ஒரு டிபன் பாக்ஸ். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிமேல் கையை வைத்து ஒரு நிமிஷம் நிற்பார். சாலம்மாளுக்கு அந்த அம்மாளை முதல் நாளே பிடித்துப்போனது அதனால்தான்.

“இது என்னாத்துக்குங்க மேடம், இத்தினி கணக்கு?”

“அக்கா, தொட்டிய உள்ளாற லட்சக்கணக்குல சின்னச் சின்னக் கட்டமா வெட்டிடறன்னு வெச்சிக்கங்க. கம்ப்யூட்டர்லதான். ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணி எங்கருந்து வருது, எங்க போவுது, எவ்ளோ வேகம், காத்து எவ்ளோ கரையுது, எல்லாத்தையும் கணக்குப் போடும்.”

“நான் கையாலயே தடவிப் பாத்துட்டன் எல்லாக் கட்டத்தையும்.”

“அப்ப எனக்கு முன்னாடியே நீங்க டாக்டர் பட்டம் வாங்கியிருக்கணும்” என்றார் நிர்மலா.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் சாலம்மாளுக்குச் சிரிப்பு வரும். மத்தியானம் மூவரும் வேப்பமரத்தடியில் சாப்பிடுவார்கள். நிர்மலாவின் டிபனில் எப்போதும் எலுமிச்சைச் சாதம். “ஒரு வாரங்கூட மாத்த மாட்டீங்களா? உங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லையா?” என்று ராணியம்மாள் கேட்பாள். “சமைக்கிறதே அவருதான்” என்பார் நிர்மலா. அதற்கு ராணியம்மாள் அரை நாள் வாயடைத்துப் போவாள்.

ஆனால் வேலை நகரவில்லை. கம்ப்யூட்டர் சொன்னபடி, தொட்டியின் மேலே ஊற்றிய உப்புத் தண்ணீர் பதினைந்து வினாடியில் தொட்டி முழுக்கக் கலந்துவிட வேண்டும். அடியில் உள்ள குழாயில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்துக்குமேல் ஆனது. நிர்மலா கணக்கை மாற்றினார், கட்டங்களை இன்னும் சின்னதாக்கினார், துடுப்பின் வேகத்தைத் திரும்ப அளந்தார். எட்டு சனிக்கிழமை போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “தொட்டிய செஞ்சவங்க குடுத்த டிராயிங்தானே சார் இது? உள்ள வேற எதுவும் மாத்தலயே?” என்று மாதவராஜிடம் கேட்டார். “ஒரு ஸ்க்ரூகூட மாத்தல மேடம். ரெக்கார்டுல எதுவுமே இல்ல” என்றார் அவர். பொய்யில்லை. வெட்டியதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒன்பதாவது சனிக்கிழமை சாலம்மாள் டீ கொண்டுபோனாள். லேப்டாப்பில் தொட்டி அறுத்து வைத்த பழம் மாதிரி திறந்து நின்றது. நீலமும் மஞ்சளும் சிவப்புமாக அம்புக்குறிகள் சுழன்றன.

“இதா நம்ப தொட்டி?”

“ஆமாக்கா.”

“இந்த ஓரத்துல நாலு கோடு நிக்குதே?”

“அதான் தடுப்புத் தகடு. அதில்லன்னா கதையே இல்ல.” நிர்மலா தன் டம்ளரை எடுத்தார். ஸ்பூனால் டீயை வட்டமாகக் கலக்கினார். டீ முழுக்க ஒரே வட்டமாகச் சுற்றியது, நடுவில் குழி விழுந்தது. “பாருங்க, எல்லாம் சேந்து ஒண்ணாச் சுத்துது. மேல உள்ளது மேலயே, கீழ உள்ளது கீழயே. சுத்துற மாதிரி தெரியும், கலக்காது.” பிறகு இன்னொரு ஸ்பூனை டம்ளரின் ஓரத்தில் நெட்டுக்குத்தாகப் பிடித்துக் கலக்கினார். டீ அதில் மோதிப் புரண்டு, மேலும் கீழுமாகக் குமிழித்தது. “இப்பதான் கலக்குது. அப்பதான் காத்து எல்லாத்துக்கும் போவும். உள்ள இருக்குற பூச்சிக்கு மூச்சு வேணுமில்ல?”

சாலம்மாள் காலி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷமாகத் தொட்டிக்குள் மூச்சில்லாமல் தவித்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நினைத்தாள். அடுத்த நிமிஷம் சந்தைக்காரர்களை நினைத்தாள். சொன்னால் ‘தொட்டியைக் காப்பாற்றியவள்’ போய், ‘தொட்டியைக் கெடுத்தவள்’ ஆவாள். சொல்லாவிட்டால் தொட்டி விலைக்குப் போகும். கூட்டமைப்பின் முடிவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

ராணியம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

“வாயத் தொறக்காத” என்றாள் ராணியம்மாள். “வெட்டச் சொன்னது நீ, வெட்டச் சரின்னது திருமால் சாரு, வெட்னது குப்புராஜு. நீ ஒருத்தி ஏன் தலய குடுக்கற?”

“அந்த மேடம் ஒம்பது வாரமா தன்னோட கணக்குதான் தப்புன்னு அழுவாத கொறயா உக்காந்திருக்குதே.”

“படிச்சவங்க. வேற கணக்குப் போட்டுக்குவாங்க.”

திங்கட்கிழமை நிர்மலா வராத நாள். சாலம்மாள் மாதவராஜின் அறைக்குள் போனாள்.

“சார், மேடத்துக்குப் போன் போடுங்க. அவங்க கணக்கு சரிதான். நம்ப தொட்டியிலதான் அந்த நாலு தகடு இல்ல.”

“இல்லன்னா? என்னம்மா சொல்ற? எங்க போச்சு?”

சாலம்மாள் கையை உயர்த்திக் காட்டினாள். “ஒண்ணு உங்க தலைக்கு மேல இருக்குதுங்க.”

மாதவராஜ் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் அடித்த பலகை. அதன்மேல் வரிசையாகக் கோப்புகள். அவற்றில் ஒன்று தொட்டியின் டிராயிங். பலகை பளபளவென்ற எவர்சில்வர். மூன்று வருஷமாக அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

“இன்னொண்ணு சாக்கடைக்கு மேல நாம தாண்டுற பலகை. ஒண்ணுல ராணி வடகம் காய வெக்கிறா. நாலாவது குப்புராஜ் பட்டறையில.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “வெட்டச் சொன்னது நாந்தாங்க.”

மாதவராஜ் கத்துவார் என்று நினைத்தாள். அவர் எழுந்து பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “வடகமா?” என்று மட்டும் கேட்டார்.

நிர்மலா அன்று இரண்டு மணி பஸ்ஸுக்கே வந்து இறங்கினார். சாலம்மாள் தலைகுனிந்து நின்றாள். அந்த அம்மாள் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அக்கா, நான் வேலய வுட்டுடலாம்னு இருந்தன், தெரியுமா?” உடனே உட்கார்ந்து நான்கு கோடுகளையும் அழித்துக் கணக்கை ஓட்டவிட்டார். புதன்கிழமை விடை வந்தது. எழுபது வினாடி. மீட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே. திரையில் தொட்டியின் நடுவே ஒரு பெரிய குழி. துடுப்பைச் சுற்றி மட்டும் காற்று. மற்ற இடமெல்லாம் நீலம்.

“தகட்ட மறுபடி வெச்சிட்டாப் போதும்” என்றார் மாதவராஜ்.

“போதாதுங்க” என்றாள் சாலம்மாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னாடை போனது போனதுதான், அதற்காக உண்மை போய்விடாது என்று அவளுக்குத் தோன்றியது. “அப்ப புளிச்சதும் நெசந்தானேங்க? செவுத்தோட ஒட்டி வெச்சா மறுபடி இடுக்குல அழுக்கு சேரும். மறுபடி சுண்ணாம்புக் குழிதான். செவுத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல சந்து வுட முடியுமா? என் கை போற அளவு?”

நிர்மலா பேனாவைக் கீழே வைத்தார். “கைய நீட்டுங்கக்கா.”

சாலம்மாளின் கையை ஸ்கேலால் அளந்தார்கள். ஒரு விரல் சந்து, இரண்டு விரல் சந்து, நான்கு விரல் சந்து என்று மூன்று கணக்கு ஓடியது. ஒரு விரல் விட்டால் பிரஷ் போகாது. நான்கு விரல் விட்டால் திரவம் பின்பக்கமாக நழுவித் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு விரல் விட்டதில் கலக்கமும் கெடவில்லை, தகட்டுக்குப் பின்னால் ஓட்டமும் இருந்தது. அழுக்கு தங்காதபடி திரவமே அந்த இடுக்கைக் கழுவிக்கொண்டு போனது. வியாழக்கிழமை முழுக்க மூன்று பேரும் அந்தத் திரையின் முன்னால்தான் இருந்தார்கள். மாதவராஜ் தன் கையால் டீ வாங்கிவந்து கொடுத்தார். சாலம்மாள் வேலை பார்த்த வருஷங்களில் மேலாளர் கையால் டீ குடித்த நாள் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கூட்டமைப்பு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தது. குப்புராஜ் நான்கு தகடுகளையும் தேடிச் சேர்த்தார். ராணியம்மாள் வடகத்தைச் சுளகுக்கு மாற்றிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். இரண்டு விரல் தள்ளி, சின்னச் சின்னக் கால்கள் வைத்துத் தகடுகளைப் பற்றவைத்தார் குப்புராஜ். முதல் தடவை ஓடி முடிந்தபோது நிர்மலா சாம்பிள் எடுக்கும் குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தார். அப்படி ஒரு பச்சையை அவர்கள் பார்த்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் படிப்பதற்கு மாதவராஜ் ஒரு அறிக்கை எழுதியிருந்தார். ‘தொட்டியின் வடிவமைப்பில் இருந்த குறை சரிசெய்யப்பட்டது.’ சாலம்மாள் அதைக் கேட்டுவிட்டு, “செஞ்சவன் மேல பழி போடாதீங்க சார்” என்றாள். தானே மைக்குக்குப் போனாள்.

“தகட்ட வெட்டச் சொன்னது நாந்தாங்க. அதுக்குத்தான் எனக்குப் பொன்னாடை போட்டீங்க. அது தப்பாயிடுச்சி.”

கூட்டம் சலசலத்தது. பின்வரிசையிலிருந்து மாயவன் எழுந்தார். மூன்று ஏக்கர் மஞ்சள்காரர்.

“ஆறு வருசமா வெறுந்தண்ணியக் குடுத்திருக்கீங்க. எங் கெழங்கு ரெண்டு போகம் அழுவுச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

“நாந்தாங்க சொல்லணும். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணது நான்.”

“இப்ப மட்டும் சரியா இருக்குதுன்னு எப்புடி நம்பறது? அன்னிக்கும் இதே மேடையிலதான் சரின்னு சொன்னீங்க.”

அவர் கேட்டது நியாயம். அன்றைக்கு அவள் ஒருத்திதான் உள்ளே பார்த்தாள், அவள் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள். அவளையும் குப்புராஜையும் தவிர வேறு யாருமே அந்தத் தொட்டியின் வயிற்றைப் பார்த்ததில்லை.

“இன்னிக்குத் தொட்டி காலியாத்தான் இருக்குது” என்றாள். “வாங்க. நீங்களே வந்து பாத்துக்குங்க. எல்லாரும் வாங்க.”

கூட்டம் அப்படியே எழுந்து கூடத்துக்கு நடந்தது. ஏணி போட்டார்கள். முதலில் மாயவன் ஏறினார். டார்ச்சை அடித்து, துளைக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஏதோ கேட்டார். குரல் சுற்றித் திரும்பி வந்ததில் அவரே திடுக்கிட்டார். இறங்கி வந்து, “சந்து ரெண்டு வெரல்தான் இருக்குது, இல்ல?” என்றார். “செரி. இனிமே கெட்டியாக் குடுங்க.”

அன்றிலிருந்து ஆண்டுக் கூட்டத்தன்று தொட்டியைத் திறந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. போன வருஷம் வரிசை வாசல்வரை நின்றது. பிள்ளைகளைக்கூடத் தோளில் தூக்கிவந்து காட்டினார்கள். ஏணி ஏற முடியாத சாலம்மாள் கீழே நின்று, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “பாத்துங்க, தலைய முட்டிக்காதீங்க. எடது பக்கம் டார்ச்ச அடிங்க, அங்கதான் தகடு நல்லாத் தெரியும்” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.